அம்மாச்சி வீட்டு ஓட்டுக்கூரைக்காக லெகோ செட் தேடுன கதை

எங்க அம்மாச்சி வீடு திருவையாறு பக்கம் ஒரு கிராமத்துல இருந்துச்சு. நாட்டு ஓடு போட்ட வீடு, முன்னாடி திண்ணை, நடுவுல முற்றம், பின்னாடி கொல்லை. 2017-ல பங்கு பிரிச்சப்ப இடிச்சுட்டாங்க. அந்த வீட்டுக்குனு ஒரு முழு போட்டோ கூட எங்ககிட்ட இல்ல, கல்யாண ஆல்பத்துல ரெண்டு மூணு படத்துல ஆளுங்களுக்கு பின்னாடி திண்ணைத் தூணும் ஓட்டு விளிம்பும் தெரியும், அவ்ளோதான். அந்த வீட்டத்தான் லெகோல, அதாவது ஒண்ணோட ஒண்ணு கோக்குற பிளாஸ்டிக் பொம்மை செங்கல்ல, கட்டலாம்னு மூணு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சேன், பையனுக்கு வாங்குன பெட்டி வீட்ல கெடந்துச்சு, அதுல ஒரு நாள் சும்மா நாலு தூண் வெச்சு மேல ஒரு சாய்வு வெச்சு பாத்தேன், அடுத்த நிமிஷம் அம்மாச்சி முறத்தோட அந்த திண்ணைல உக்காந்திருக்குற மாதிரியே இருந்துச்சு. அன்னைக்கு புடிச்சது.

இத ஏன் எழுதுறேன்னா, சொந்தமா ஒண்ணு டிசைன் பண்ணி கட்டணும்னு நெனைக்கிற பலர் என்கிட்ட கேக்குற மொத கேள்வி 'எந்த செட் வாங்கலாம்'னுதான். செட்னா ஒரு மாடல் கட்ட வேண்டிய பீஸெல்லாம் போட்டு விக்குற பெட்டி. செட்ட கட்டுறதுக்கு வாங்குறது வேற, பார்ட்ஸுக்காக வாங்குறது வேற. ரெண்டுக்கும் பாக்குற கண்ணே வேற. அது புரியுறதுக்கு எனக்கு ஒரு வருஷமும் நெறைய காசும் ஆச்சு, உங்களுக்கு அது மிச்சமாகட்டும்.

நான் மொதல்ல வாங்குனது லெகோ கிளாசிக் பெரிய பெட்டி, 10698 நம்பர், 790 பீஸ். பெட்டில 33 கலர்னு போட்டிருப்பாங்க, அத பாத்து சந்தோஷமா வாங்குனேன். வீட்டுக்கு வந்து கொட்டி பிரிச்சு வெச்சப்பதான் தெரிஞ்சது, 33 கலர்னா ஒரு கலருக்கு சராசரியா இருபத்தி சொச்சம் பீஸ்தான், அதுலயும் ஒரே மாதிரி பார்ட் நாலோ ஆறோதான் இருக்கும். கொழந்தைங்க வெளையாட அத விட நல்ல பெட்டி கெடையாது, இப்பவும் சொல்றேன். ஆனா ஒரு செவுரு ஒரே கலர்ல எழுப்பணும்னா ரெண்டு வரிசைக்கு மேல போகாது. ஒரு வீட்டுக்கு வேண்டியது பல வகைல கொஞ்சம் கொஞ்சம் இல்ல, சில வகைல நெறைய.

எவ்ளோ நெறையங்கறதுக்கு ஓட்டு கணக்க சொல்றேன். வீடு 32 ஸ்டட் அகலம், 40 ஸ்டட் நீளம்னு வெச்சேன். ஸ்டட்னா செங்கல் மேல இருக்குற குமிழ். ரெண்டு ஸ்டட்டுக்கு நடுவுல 8 மில்லிமீட்டர், அப்போ 25.6 சென்டிமீட்டருக்கு 32 சென்டிமீட்டர். லெகோ பொம்மை மனுசன் 4 சென்டிமீட்டர் ஒயரம், அந்த அளவுக்கு இந்த வீடு பொருந்தும். ஓட்டுக்கு நான் எடுத்தது 1×2 சின்ன ஸ்லோப், அதாவது மேல்பக்கம் சாய்வா இருக்குற பீஸ், 85984-னு நம்பர், ரெண்டு பிளேட் ஒயரம் (பிளேட்னா தட்டையான மெல்லிசு பீஸ்). அத வரிசை வரிசையா ஒவ்வொரு ஸ்டட் பின்னாடி தள்ளி ரெண்டு ரெண்டு பிளேட் ஏத்தி அடுக்குனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன நாட்டு ஓடு மாதிரியே விழும். 32 ஸ்டட் அகலத்துக்கு ஒரு வரிசைல 16 பீஸ். திண்ணைக்கும் சேத்து எறங்குற முன் சாய்வு 9 வரிசை, அதோட உள்பக்கம் 6, பின்கட்டுக்கு ரெண்டு பக்கமும் சேத்து 12, ஆக 27 வரிசை, 432 பீஸ். முற்றத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்குற தாழ்வாரத்துக்கு 96. மொத்தம் 528. ஒரே பார்ட், ஒரே நெறம் இல்லாட்டியும் ஒத்துப் போற நெறம். பேப்பர்ல இந்த 528-ங்கற நம்பர எழுதுன அன்னைக்குத்தான் நான் ஒழுங்கா செட் தேட ஆரம்பிச்சேன்.

வெளிநாட்டுல இருக்கிறவங்க உடனே கேப்பாங்க, ஏன் செட்டு, உதிரியா வாங்கலாமேனு. வாங்கலாம். பிரிக்லிங்க்னு ஒண்ணு 2000-லேந்து இருக்கு, ஒலகம் பூரா உள்ள சின்ன சின்ன கடைங்க உதிரி பார்ட்ஸ் விக்குற சந்தை அது, 2019-ல லெகோ கம்பெனியே அத வாங்கிருச்சு. ஆனா சென்னைல உக்காந்துக்கிட்டு 200 சின்ன பீஸ ஐரோப்பாலேந்து வரவழைக்க பாத்தப்ப பார்ட்ஸ் வெலைய விட ஷிப்பிங் ஜாஸ்தி காட்டுச்சு, அதுக்கு மேல கஸ்டம்ஸ் என்ன போடுவாங்கனு கைல வர வரைக்கும் தெரியாது. இங்க கடைல செட் வெலையும் கொறைவு கெடையாது. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல 20 சதவீதத்துலேந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. அதனாலதான் இங்க ஒவ்வொரு செட்டையும் யோசிச்சு வாங்க வேண்டியிருக்கு, தப்பான செட் வாங்குனா அது பெரிய காசு.

சரி, செட்ட எப்படி பாக்குறது. பெட்டி படத்த பாக்காதீங்க, பார்ட்ஸ் லிஸ்ட்ட பாருங்க. பெரும்பாலான லெகோ செட்டுக்கு கட்டுற புக்கு பிடிஎஃப்-ஆ அவங்க சைட்லயே ஃப்ரீயா கெடைக்கும், செட்ட வாங்காமலே எறக்கிக்கலாம். அந்த புக்கோட கடைசி பக்கங்கள்ல அந்த செட்ல என்ன என்ன பார்ட் எத்தன எத்தனனு படத்தோட இருக்கும். அது போதும். ரீபிரிக்கபிள், பிரிக்செட் மாதிரி வெப்சைட்டுங்கள்லயும் செட் நம்பர் போட்டா மொத்த லிஸ்ட்டும் வரும், ரீபிரிக்கபிள்ல தலைகீழாவும் தேடலாம், அதாவது 'இந்த பார்ட், இந்த கலர்ல, எந்தெந்த செட்ல எத்தன வருது'னு. 528 ஓட்டுல பெரும்பகுதி எனக்கு கெடைச்சதே அந்த தலைகீழ் தேடல்ல தான். செட்லேந்து பார்ட்டுக்கு போகாதீங்க, பார்ட்லேந்து செட்டுக்கு வாங்க.

நம்பர்ல ஒரு விஷயம். பார்ட்டுக்கு ரெண்டு விதமா நம்பர் உண்டு. வடிவத்துக்கு ஒரு நம்பர், 2×4 செங்கல்னா 3001, 1×2 பிளேட்னா 3023, அது எந்த கலரா இருந்தாலும் ஒண்ணுதான், பல பார்ட்ல உள்பக்கம் பொடியா பொறிச்சிருக்கும், வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சு பிடிச்சா தெரியும். புக்கு பின்னாடி படத்துக்கு கீழ இருக்குற நீட்டு நம்பர் வடிவமும் கலரும் சேந்தது. ரெண்டையும் கொழப்பிக்கிட்டு தேடுனா ஒண்ணுமே வராது, நான் ரெண்டு வாரம் அப்படித்தான் தேடிட்டு இருந்தேன்.

அடுத்தது காசு. எல்லாரும் சொல்றது, செட் வெலைய பீஸ் எண்ணிக்கையால வகுத்து ஒரு பீஸ் என்ன வெலைனு பாரு, கம்மியா இருந்தா வாங்கு. பார்ட்ஸுக்கு வாங்குறவங்களுக்கு அந்த கணக்கு ஒத்து வராது. 8,000 ரூபாய்க்கு 1,000 பீஸ் செட், பீஸ் 8 ரூபாய். இன்னொண்ணு 6,000 ரூபாய்க்கு 500 பீஸ், பீஸ் 12 ரூபாய். மொத செட்டுதான் மலிவுன்னு தோணும். ஆனா லிஸ்ட்ட பிரிச்சு பாத்தா மொத செட்ல என் வீட்டுக்கு ஆகுறது 300-தான், ரெண்டாவதுல 380. இப்ப வகுத்து பாருங்க, மொத செட்ல எனக்கு வேண்டிய ஒரு பீஸ் 26 ரூபாய் மேல விழுது, ரெண்டாவதுல 16 ரூபாய்க்குள்ள. எனக்கு வேண்டிய பீஸ்க்கு என்ன வெலை, அது ஒண்ணுதான் கேள்வி. நான் ஒரு ஷீட் வெச்சிருக்கேன், செட்டோட லிஸ்ட்ட இறக்கி பக்கத்துல ஒரு காலம் போட்டு வேணும், பரவால்ல, வேணாம்னு மூணு மார்க் போடுவேன். ஒரு செட்டுக்கு இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷம் எத்தனையோ தடவ என்ன காப்பாத்தியிருக்கு.

பீஸ் எண்ணிக்கை எப்படி ஏமாத்தும்ங்கறதுக்கு நல்ல உதாரணம் உலக வரைபடம் செட், 31203. மொத்தம் 11,695 பீஸ், அவ்ளோ பெரிய நம்பர். ஆனா அதுல பெரும்பாலும் 1×1 வட்டப் பொட்டுங்க தான். சுவத்துக்கு மொசைக் பண்றவங்களுக்கு பொக்கிஷம், வீடு கட்டுறவங்களுக்கு வாசல்ல கோலப் புள்ளி வைக்க இருபது போதும். அதே மாதிரி 7,541 பீஸ் உள்ள மில்லேனியம் ஃபால்கன், ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற விண்கப்பல், 75192, பாதிக்கு மேல சாம்பல் நெறம். கோட்டை, கருங்கல் மண்டபம், பாலம் இதெல்லாம் கட்டுறவங்களுக்கு சாம்பல் தங்கம் மாதிரி, ஓட்டு வீட்டுக்காரிக்கு என்ன ஆகும் சொல்லுங்க. அதனால ஒவ்வொரு தீமுக்கும், அதாவது ஒரே கருத்துல வர்ற செட் வரிசைக்கும், ஒரு நெறம் இருக்குனு மனசுல வெச்சுக்கோங்க. ஸ்டார் வார்ஸ்னா சாம்பல். ஹாரி பாட்டர் கோட்டைங்கனா டேன், அதாவது மணல் நெறம், 6,020 பீஸ் ஹாக்வார்ட்ஸ் பெரும்பாலும் அந்த நெறம்தான். நிஞ்சாகோனா சிவப்பு, ப்ரவுன், தங்கம், ஓட்டுக்கூரை வடிவங்க. ஃப்ரெண்ட்ஸ்னா ஊதா, இளநீலம். கிரியேட்டர் த்ரீ இன் ஒன் (ஒரே பெட்டில மூணு மாடல் கட்டலாம்) வீடுங்கனா ஜன்னல், கதவு, சாய்வு. கார் செட்டுங்க, முக்கியமா ஸ்பீட் சாம்பியன்ஸ், பாக்க சின்னதா இருக்கும் ஆனா பக்கவாட்டுல ஸ்டட் வெச்ச பீஸும் 'எல்' மாதிரி மடங்குன ப்ராக்கெட்டும் அள்ளிக் கொடுக்கும். இது நான் ஷீட்ல பாத்து பாத்து புரிஞ்சுக்கிட்டது, நூத்துக்கு நூறு இல்ல, ஆனா தேட ஆரம்பிக்க நல்ல வழி.

வெள்ளைச் செவுருக்காக நான் ரொம்ப ஏங்குன செட் ஒண்ணு உண்டு, 2013-ல வந்த ஆர்க்கிடெக்சர் ஸ்டுடியோ, 21050. 1,200-க்கு மேல பீஸ், வெள்ளையும் கண்ணாடி மாதிரி நெறமும் மட்டும்தான், பெட்டிலயே இத கட்டுனு ஒரு மாடல் கெடையாது, நீயா கட்டுனு விட்டுட்டாங்க. பார்ட்ஸுக்காக வாங்குறவங்களுக்குனே செஞ்ச செட் அது. நான் இதுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க, பழசு கேட்டா சொல்ற வெலைய கேட்டு வந்துட்டேன்.

படக் கதாபாத்திரம் உள்ள செட்ல வெலைல கணிசமான பங்கு அந்த பொம்மை மனுசங்களுக்கு போகுது. பார்ட்ஸுக்கு வாங்குறோம்னா அவங்கள பிரிக்காம தனியா கவர்ல போட்டு வித்துடுங்க, வாங்க ஆள் எப்பவும் இருக்காங்க. ஒரு செட்ல நாலு பொம்மைய வித்து செட் வெலைல மூணுல ஒரு பங்கு திரும்ப எடுத்தேன், அதுக்கப்புறம் அந்த செட்டுதான் என் ஷீட்லயே மலிவு. அப்புறம் ஸ்டிக்கர். செட்ட கட்டி வைக்கிறவங்க ஸ்டிக்கர திட்டுவாங்க, அச்சடிச்ச பீஸ்தான் ஒசத்தினு சொல்வாங்க. நமக்கு நேர் எதிர். ஸ்டிக்கர்னா ஒட்டாம விட்டா பீஸ் சுத்தமா கெடைக்கும், அச்சடிச்சது ஒரு கடை பேரோ கார் நம்பரோ தாங்கி நிக்கும், அத திருப்பி வைக்கக் கூட எடம் இருக்காது.

என் ஓட்டுக் கணக்கு எப்படி தேறுச்சுனு சொல்றேன். ஒரு த்ரீ இன் ஒன் செட்ல அந்த ஸ்லோப் சிவப்பு கலந்த ப்ரவுன்ல 74 வந்துச்சு. பெரிய செட் ஒண்ணு வாங்குற காசுக்கு அதே சின்ன செட்ட மூணு வாங்குனேன், 222. கடைக்காரர் ஒரே செட் மூணானு கேட்டு மூணு கொழந்தைங்களானு விசாரிச்சார். இன்னொரு செட்ல டார்க் ஆரஞ்ச்ல 58, அது ரெண்டு, 116. ஆக 338. மீதி 190. சிங்கப்பூர்ல இருக்குற சித்தி பையன் தீபாவளிக்கு வர்றான்னு தெரிஞ்சதும் பிரிக்லிங்க்ல அங்க உள்ள கடைலயே அவன் பேர்ல ஆர்டர் போட்டு அவன் பெட்டில கொண்டு வரச் சொன்னேன். மொதல்ல முழுக்க ஒரே நெறம்தான் வேணும்னு பிடிவாதமா இருந்தேன், ரெண்டு நெறம் கலந்து அடுக்குனப்பதான் நெஜ ஓட்டுக் கூரை மாதிரி வந்துச்சு, மழைல நனைஞ்சது, வெயில்ல காஞ்சது, போன வருஷம் மாத்துனதுனு ஒவ்வொரு ஓடும் ஒரு நெறமாத்தானே இருக்கும். ஒரே மாதிரி பார்ட் நெறைய வேணும்னா பெரிய செட் ஒண்ண விட சின்ன செட் மூணு நல்லதுங்கறத அப்ப எழுதி வெச்சேன்.

அந்த சிங்கப்பூர் ஆர்டர்லயே ஒரு தப்பும் நடந்துச்சு, அதுக்கு காரணம் நெறத்தோட பேரு. அம்மாச்சி வீட்டு ஜன்னல் கதவெல்லாம் பச்ச பெயின்ட், கிராமத்துல எல்லா வீட்லயும் அடிக்கிற அந்த பச்ச. பிரிக்செட்ல பாத்தேன், நான் கைல வெச்சிருந்த பீஸோட கலர் டார்க் கிரீன்னு போட்டிருந்துச்சு. சித்தி பையன்கிட்ட டார்க் கிரீன்ல போடுடானு சொல்லிட்டேன். வந்து எறங்குனது கிட்டத்தட்ட கறுப்புக்கு பக்கத்துல நிக்கிற காட்டுப் பச்ச. விஷயம் என்னன்னா லெகோ கம்பெனி வெச்ச பேர் வேற, பிரிக்லிங்க்ல வழங்குற பேர் வேற. கம்பெனி டார்க் கிரீன்னு சொல்றத பிரிக்லிங்க்ல வெறும் கிரீன்னு சொல்வாங்க, பிரிக்லிங்க்ல டார்க் கிரீன்னு சொல்றது கம்பெனி பேச்சுல எர்த் கிரீன். அதே மாதிரி டேன்னு நாம சொல்றது கம்பெனிக்கு பிரிக் யெல்லோ. சாம்பல்ல இன்னும் கவனம் வேணும், 2004 வாக்குல சாம்பல் நெறத்தையே மாத்திட்டாங்க, பழசு கொஞ்சம் மஞ்ச கலந்தது, புதுசு நீலம் கலந்தது, ரெண்டையும் ஒரே செவுத்துல வெச்சா திட்டுத் திட்டா தெரியும். அதனால பேர நம்பி ஆர்டர் போடாதீங்க, ரெண்டு எடத்துலயும் படத்தையும் நம்பரையும் ஒத்துப் பாத்துட்டு போடுங்க. அந்த காட்டுப் பச்ச பீஸ் வீணாகல, கொல்லைல மாமர எலைக்கு ஆச்சு.

செகண்ட் ஹேண்ட் பத்தி கண்டிப்பா சொல்லணும். 1958-ல பேடன்ட் ஆன செங்கல் இன்னைக்கு வர்ற செங்கலோட கச்சிதமா கூடும், அதனால பழசு வாங்க பயப்பட வேணாம்னு எல்லாரும் சொல்வாங்க, அது உண்மைதான். ஆனா ப்ரவுன் மட்டும் விதிவிலக்கு. திண்ணைத் தூணுக்கும் வாசக்கால் மரத்துக்கும் ப்ரவுன் வேணும்னு ஒரு பழைய கப்பல் செட் வாங்குனேன், பாக்க பளபளன்னு இருந்துச்சு. ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் பிரிக்க உக்காந்தேன். ஒரு 1×2 பிளேட்ட நகத்தால நெம்புனேன், பொட்டுக்கடலை உடையுற மாதிரி சின்ன சத்தம், பாதி கைல வந்துருச்சு, பாதி அங்கயே ஒட்டிட்டு நின்னுச்சு. அடுத்ததும் அதே. பிளேட்டோட ஓரத்துல முடி மாதிரி ஒரு கீறல் விழும், அப்புறம் அந்த கீறல் வழியாவே ரெண்டா போகும். முப்பது பீஸுக்கு மேல போச்சு. பழைய சிவப்பு ப்ரவுன், டார்க் ரெட், டார்க் ப்ரவுன், இந்த மூணும் காலப்போக்குல நொறுங்கும்னு அப்புறம் படிச்சேன், லெகோ கட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாம். இப்ப ப்ரவுன்னா புதுசுதான் வாங்குறேன், பழசுல கெடைச்சா பாரம் தாங்காத எடத்துல, திரும்ப பிரிக்க வேண்டியிராத எடத்துல மட்டும்தான் வைப்பேன்.

கிலோ கணக்குல கலந்து விக்கிறதும் உண்டு. ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட மூணு கிலோ வாங்குனேன், எல்லாம் ஒரிஜினல்னு சொன்னாரு, வந்தது கால்வாசி வேற கம்பெனி. அத கண்டுபிடிக்க ஒரே வழிதான், ஒவ்வொரு ஸ்டட் மேலயும் லெகோனு பொடி எழுத்து இருக்கணும். வேற கம்பெனி செங்கல் தப்புனு சொல்ல மாட்டேன், இப்ப சிலது நல்லாவே பண்றாங்க, ஆனா எதுனு தெரியாம கலந்து வந்தா ஒண்ணு இறுக்கமா ஒண்ணு லூசா இருக்கும், 16 வரிசை ஒயர செவுத்துல அந்த முடியளவு வித்தியாசம் ஒண்ணு சேந்து மேல போகப் போக செவுரு வளையும். இன்னொன்னு, கழுவுறப்ப கொதிக்கிற தண்ணி ஊத்திடாதீங்க, 40 டிகிரிக்கு மேல சூடு வேணாம். வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் சோப்பு, அப்புறம் நெழல்ல காய வைங்க. மொட்டமாடி வெயில்ல வெள்ளைய காய வெச்சீங்கன்னா அந்த பழக்கம் மெல்ல மெல்ல மஞ்சளாக்கிடும்.

பிரிச்சு வைக்கிறது தனி வேல. எல்லாரும் மொதல்ல கலர் கலரா பிரிப்பாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா ப்ரவுன் குமியல்ல ஒரு ப்ரவுன் ப்ராக்கெட்ட தேடி பாருங்க, கண்ணு வலிச்சிடும். வடிவத்த வெச்சு பிரிங்க. ஒரே வடிவத்துல பத்து கலர் கலந்து கெடந்தாலும் வேண்டிய கலர் சட்டுனு கண்ணுல படும். நான் சின்ன பீஸுக்கு அஞ்சறைப்பெட்டி வெச்சிருக்கேன், எவர்சில்வர்ல வட்டமா ஏழு கிண்ணம் உள்ளது, ஓட்டு ஸ்லோப் ஒரு கிண்ணம், 1×1 பிளேட் ஒரு கிண்ணம், பக்கவாட்டு ஸ்டட் உள்ள 87087 ஒரு கிண்ணம், இப்படி. கட்டுற எடத்துக்கு அப்படியே தூக்கிட்டு போய் வெச்சுக்கலாம், சமைக்கிறப்ப கை தானா கடுகுக்கு போற மாதிரி கை தானா அந்த கிண்ணத்துக்கு போயிடும்.

பக்கவாட்டு ஸ்டட்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு கணக்கு தெரிஞ்சா செட் தேடுறதே மாறும். ஒரு பிளேட் 3.2 மில்லிமீட்டர் ஒயரம், மூணு பிளேட் ஒரு செங்கல், 9.6. அஞ்சு பிளேட் அடுக்குனா 16 மில்லிமீட்டர், அது சரியா ரெண்டு ஸ்டட் அகலம். அதாவது பார்ட்ட படுக்க வெச்சாலும் அஞ்சுக்கு ரெண்டுனு கணக்கு ஒத்துக்கும். திண்ணையோட முன் மொகப்பு வழுவழுன்னு சிவப்புக் காவி பூசுன மாதிரி வரணும், ஸ்டட் தெரியக் கூடாது. ஸ்டட் இல்லாத டார்க் ரெட் டைல்ங்கள செங்குத்தா பக்கவாட்டுல ஒட்டுனாத்தான் அது வரும், அதுக்கு உள்ள ப்ராக்கெட் வேணும். இது தெரிஞ்சப்புறம்தான் கார் செட்டோட லிஸ்ட்ட நான் திறந்தே பாத்தேன், அதுவரைக்கும் வீடு கட்ட கார் எதுக்குனு தாண்டிப் போயிட்டு இருந்தேன்.

பொருள் எதுக்கு செஞ்சாங்களோ அதுக்கே வெக்கணும்னு இல்ல. 2021-ல வந்த போன்சாய் மரம் செட்ல செர்ரிப் பூவுக்கு பதிலா குட்டி குட்டி ரோஸ் கலர் தவளைய வெச்சிருப்பாங்க, தூரத்துலேந்து பாத்தா பூவேதான். அத பாத்ததுலேந்து நான் பார்ட்ஸ் லிஸ்ட்ட படிக்கிற விதமே மாறிடுச்சு. ஜன்னலுக்கு உருண்டை இரும்புக் கம்பி எதுல பண்றதுனு பல நாள் யோசிச்சேன், கடைசில பாத்தா ஸ்டார் வார்ஸ் செட்ல பொம்மை ஜெடாய் வீரங்க கைல புடிக்கிற ஒளிவாளோட அதே நீட்டு குச்சி கறுப்புல வருது, நாலு ஸ்டட் நீளம், ஜன்னலுக்கு அளவெடுத்த மாதிரி. பையன்தான் கண்டுபிடிச்சான், 'அம்மா இது வாள்மா'னு சொன்னான், அம்மாச்சி வீட்டு ஜன்னல்ல இப்ப பன்னெண்டு வாள் நிக்குது.

மொத வாங்குன கிளாசிக் பெட்டி என்ன ஆச்சுனா, அதுதான் இந்த வீட்டுக்கே அஸ்திவாரம். ஓட்டுக்கு அடில ஒவ்வொரு வரிசையையும் தாங்க உள்ள நெறைய செங்கல் வேணும், திண்ணைக்கு உள்ளயும் வேணும், வெளிய தெரியாது. ரோஸ், கிளிப்பச்ச, ஆரஞ்ச் எல்லாம் அங்க போச்சு. இதுவும் செட் தேர்வுல ஒரு கணக்கு, வேணாம்னு மார்க் போடுறதுக்கு முன்னாடி அது மறைவா உள்ள நிக்குமானு ஒரு தடவ யோசிங்க. என் வீட்ல மொத்தத்துல மூணுல ஒரு பங்கு யாரும் பாக்காத பீஸ்.

இதெல்லாத்தையும் மொதல்லயே ஸ்டுடியோங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர்ல கட்டிப் பாத்துட்டு வாங்குறதுதான் சரி, பிரிக்லிங்க் தர்றது. நாம கட்டி முடிச்சதும் மொத்த லிஸ்ட்டையும் அதுவே கொடுக்கும், ஒரு பார்ட் அந்த கலர்ல வந்ததே இல்லைனா அதையும் காட்டிடும். ஆனா சாஃப்ட்வேர்ல நிக்கிறது கைல நிக்கும்னு நம்பிடாதீங்க. முற்றத்து மூலைல ரெண்டு சாய்வு சேர்ற எடம் ஸ்கிரீன்ல கச்சிதமா இருந்துச்சு, கைல கட்டுனப்ப தொட்டாலே கழண்டுச்சு, அந்த மூலைக்கு மட்டும் 54200 நம்பர் 1×1 குட்டி ஸ்லோப்புக்கு மாத்தி, அடில ரெண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டுற மாதிரி நீட்டு பிளேட் கொடுத்தப்புறம்தான் நின்னுச்சு. ஒரு சாய்வு முழுசா வாங்குறதுக்கு முன்னாடி எட்டு ஸ்டட் அகலத்துக்கு ஒரு துண்டு கட்டி, தூக்கி, ஆட்டி பாருங்க.

போன பொங்கலுக்கு அம்மா வந்தப்ப முடிஞ்ச வரைக்கும் மேஜைல வெச்சு துணி போட்டு மூடி வெச்சிருந்தேன். துணிய எடுத்தேன். அம்மா ஒண்ணும் பேசல, கண்ணாடிய எடுத்து போட்டுக்கிட்டு குனிஞ்சு திண்ணைய பாத்துச்சு, வெரல வெச்சு ஒவ்வொரு தூணா தொட்டுச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் "ஏன்டி, தூணு நாலில்ல, அஞ்சு. இந்த ஓரத்துல ஒண்ணு இருக்கும், அதுல தான் தாத்தா கன்னுக்குட்டிய கட்டுவாரு. போட்டோல மாமா நின்னு மறைச்சிருப்பாரு பாரு" அப்படினுச்சு. ஆல்பத்த எடுத்து பாத்தா மாமா நிக்கிற எடம் அதேதான். கொஞ்ச நேரம் கழிச்சு "முற்றத்து தாழ்வாரத்துல நெல்லு குதிரு ஒண்ணு நிக்குமே, அத எங்க?"னு கேட்டுச்சு.

அந்த அஞ்சாவது தூணுக்கு 1×1 உருண்ட செங்கல், 3062, சிவப்பு ப்ரவுன்ல இன்னும் அஞ்சு வேணும், அது அஞ்சறைப்பெட்டிலயே இருந்துச்சு, அன்னைக்கே வெச்சுட்டோம், அம்மாதான் வெச்சுச்சு. குதிருக்கு மண் நெறத்துல உருண்ட பார்ட் வேணும், கீழ சிறுத்து நடுவுல பருத்து மேல திரும்ப ஒடுங்கணும். 2×2 உருண்ட செங்கல் 3941 டேன்ல எந்த செட்ல எட்டுக்கு மேல வருதுனு ரீபிரிக்கபிள்ல தேடிட்டு இருக்கேன், ஷீட்ல இதுவரைக்கும் மூணு செட் குறிச்சு வெச்சிருக்கேன், பாத்த வரைக்கும் ரெண்டாவது செட்டுதான் கணக்குக்கு வருது.